நரம்புக்குள் படுத்திருப்பது

எனக்குக் கோபம் வந்தா வாய் நிக்காது. ஆனா டாக்டரம்மா "ஹெர்பீஸ்", படுக்கை உறவுல ஒட்டுற கிருமின்னு சொன்னப்ப தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். என் கொப்புளத்துக்கு மாத்திரை எழுதிட்டு, வீட்டுக்காரரோட ரத்தத்தையும் சோதிச்சாங்க. அவர் உடம்புலயும் அதே கிருமி இருந்துச்சு. யார்கிட்டேருந்து யாருக்கு வந்துச்சு, எப்ப வந்துச்சுன்னு எந்தச் சோதனையும் சொல்லாதுன்னு சொல்லி அனுப்பிட்டாங்க.

அவர் காதுல ஏறினது ஒண்ணே ஒண்ணு. கொப்புளம் வந்தது எனக்கு, அவருக்கு ஒரு நாளும் வந்ததில்ல. அப்போ கொண்டுவந்தவ நான். அன்னைக்கே தலையணையைத் தூக்கிக்கிட்டு ஹாலுக்குப் போயிட்டார். என் துண்டு தனி, என் தம்ளர் தனி.

இதுல கூத்து என்னன்னா, எனக்குச் சோறு போடுறதே இந்தக் கிருமிதான். ஆராய்ச்சிக்கூடத்துல நரம்பு செல்லைத் தட்டுல வளர்க்கிறது என் வேலை. கிருமியை உள்ள விட்டு மருந்தால அடக்குவோம். அப்புறம் மருந்தை நிறுத்தினாலும் அது எழுந்திருக்காது. பெருகாது, செல்லைக் கொல்லாது, தன் மரபுப்பொருளைச் செல்லோட உட்கருவுக்குள்ள ஒளிச்சு வச்சுக்கிட்டுக் கிடக்கும். மனுஷ உடம்புல ஆயுசுக்கும் கிடக்கும். காய்ச்சலோ கவலையோ வந்தா சிலருக்கு முழிச்சுக்கும், சிலருக்கு முழிக்கவே முழிக்காது. என் வாழ்க்கையில அவரைத் தவிர யாருமில்ல. அவரோட பழைய கதையை நான் ஒரு நாளும் கேட்டதில்ல, அப்பவும் கேட்கல.

கொப்புளமே வராம வருஷக்கணக்கா உங்க உடம்புலயும் கிடந்திருக்கலாம்னு தலைகீழா நின்னு சொல்லியும் நம்பல. லிஃப்ட் மெக்கானிக் அவர், மூடியைக் கழட்டிக் கண்ணால பார்த்தாத்தான் எதையும் ஒத்துக்குவார். சரி, காட்டிருவோம்னு மேலதிகாரிகிட்ட கெஞ்சி அனுமதி வாங்கி, வெள்ளைக் கோட்டு மாட்டிவிட்டு மைக்ராஸ்கோப் முன்னாடி உட்கார வச்சேன்.

எங்க தட்டுல கிருமி முழிச்சா செல் பச்சையா மின்னுற மாதிரி அடையாளம் வச்சிருக்கோம். ஒரு பச்சைப் புள்ளி கூட இல்லாத தட்டுதான் எங்களுக்குப் பெருமை, கிருமி அவ்வளவு நல்லா அடங்கியிருக்குன்னு அர்த்தம். என் புத்தியை என்ன சொல்ல, அந்தத் தட்டைத்தான் எடுத்து வச்சேன்.

ரொம்ப நேரம் பார்த்தார். ஒண்ணுமே இல்லையேன்னார். இருக்குங்க, உள்ளதான் இருக்கு, வெளியே தெரியாது, வருஷக்கணக்கா இப்படியே இருக்கும்னு ஆசை ஆசையா சொன்னேன். புரிஞ்சுக்கிட்டார்னு நினைச்சேன்.

நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கோபமே இல்ல அந்த முகத்துல.

"நீயும் இப்படித்தானே. இத்தனை வருஷமா எனக்கு ஒண்ணுமே தெரியல."

கோட்டைக் கழட்டி ஒழுங்கா மடிச்சு வச்சுட்டுப் போயிட்டார். மறுநாள் துணிமணியோட அவங்க அக்கா வீட்டுக்குப் போனார்.

அந்த அக்காதான் என்னைக் கூடப்பிறந்தவளா நினைச்சவங்க. சாயங்காலம் அவங்களே போன் பண்ணினாங்க. நமக்காகப் பேச ஒரு ஆள் இருக்குன்னு ஓடிப்போய் எடுத்தேன். சாப்பிட்டியான்னு கேட்டாங்க. அப்புறம் குரலைத் தாழ்த்திக்கிட்டு, ரொம்பப் பிரியமா கேட்டாங்க.

"யாரும்மா அந்த ஆளு? என்கிட்டயாவது சொல்லேன்."