ஒன்பதுக்குப் போன வெப்ராளம்

"எனக்கு ஒரு மணிக்கூர் கதவை அடைச்சு, உள்ள கொண்டி போட்டுக்கிடணும்."

கேட்டுவிட்டேன். எங்கள் வீட்டில் கல்யாணமாகாத பெண் கேட்கவே கூடாதது இது ஒன்றுதான். என்ஜினீயரிங் கேட்டேன், அப்பா குளச்சல் துறைமுகத்தில் தொண்டை கிழிய மீன் ஏலம் விளித்துப் படிக்க வைத்தார். ஜீன்ஸ் கேட்டேன், மஸ்கட்டிலிருந்து அண்ணன் பிபின் கொடுத்தனுப்பினான். கொண்டி மட்டும், கதவின் உள்தாழ்ப்பாள் மட்டும், கிடையாது. போட்டால் உள்ளே உயிரை விட்டுவிடுவேனாம், இல்லையென்றால் எவனிடமாவது பேசுவேனாம். இரண்டில் எது பெரிய கேடு என்று அவர்கள் இன்னும் முடிவு செய்யவில்லை.

"பேறுக்கும் கல்யாண ராத்திரிக்கும்தாண்டி கதவு அடைக்கது," என்றாள் அம்மா. "உனக்கு ரெண்டும் இல்ல."

"ஒரு மேடத்துக்கிட்ட பேசணும். நெட்டுல. தனியா."

"நாங்க கேக்கக்கூடாத பேச்சு உனக்கு எங்கேருந்துட்டி வந்து?"

எனக்கு மூச்சு அடைக்கும். பஸ்ஸில், குளியலறையில், ஜெபத்தின் நடுவில். ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றார்கள். வீட்டிலும் தெருவிலும் முதல் பட்டதாரி நான். ஆகவே ரேஷன் கார்டு, விசா, கேஸ் சிலிண்டர் பதிவு, பக்கத்து வீட்டுக் கோழிக்கு வந்த சீக்கு எல்லாம் என்னிடம்தான் வரும். கோழிச் சீக்கு எனக்குத் தெரியாது என்றால், "பிறகு நாலு வருசம் என்னத்தப் படிச்ச?" என்பார்கள்.

திருவனந்தபுரத்தில் ஒரு கம்பெனி வேலைக்குக் கூப்பிட்டிருந்தது. அன்று ஞாயிறு. மாலை ஆறு மணிக்குள் பதில் சொல்ல வேண்டும், மறுநாள் காலையில் சேர வேண்டும். போகிறேன் என்று நினைத்தால் மூச்சு அடைத்தது. போகவில்லை என்று நினைத்தாலும் அடைத்தது. நான் போனால் இவர்கள் என்ன ஆவார்கள்? இந்த ஒரு கேள்வியை யாரிடமாவது வாய்விட்டுக் கேட்க வேண்டும். அதற்காகத்தான் இணையத்தில் மனநல ஆலோசனை சொல்லும் கோயம்புத்தூர்க்காரி சண்முகவடிவு மேடத்திடம் நாலு மணிக்கு நேரம் வாங்கியிருந்தேன். தனியறையில் இருங்கள் என்று முதல் வரியிலேயே எழுதியிருந்தார்.

கடைசியில் அப்பா தீர்ப்புச் சொன்னார். "கதவைச் சாத்திக்கோ மக்கா. கொண்டி வேண்டாம்."

அந்தக் கொண்டி இல்லாததால்தான் எல்லாம் கெட்டது.

எங்கள் தெருவில் லேப்டாப் என்றால் கல்ஃப். ஸ்கைப் மணி அடித்தால் வீட்டில் எல்லோரும் தலைவாரி, பவுடர் போட்டு, வயது வரிசையில் அதன் முன்னால் உட்கார வேண்டும். ஒவ்வொருவரும் முகம் காட்டி, சோறு தின்னாயா என்று கேட்டுவிட்டு அடுத்தவருக்கு இடம் விட வேண்டும். விடுபட்டவர்கள் அடுத்த திருவிழா வரைக்கும் பேசமாட்டார்கள்.

நாலு மணிக்கு மணி அடித்தது. கதவு திறந்தது. பவுடர் முகத்தோடு அம்மா. சட்டைப் பொத்தானைப் போட்டபடி அப்பா. இடுப்பில் பிள்ளையோடு அண்ணன் பெண்டாட்டி ஸ்மிதா மைனி. பக்கத்து வீட்டிலிருந்து அம்மாவின் அக்காள், என் பெரியம்மை. முற்றத்தில் மீன் வெட்டிக்கொண்டிருந்தவள் கையிலிருந்த மீனோடேயே ஓடிவந்துவிட்டாள்.

"இது பிபின் இல்ல!" என்று கத்தினேன். "எனக்க டாக்டர்!"

"டாக்டருக்கு மட்டும் விசப்பு இல்லியா? சோறு தின்னியா மோளே?" என்றாள் அம்மா.

திரையில் சண்முகவடிவு மேடம் விழித்தார். பின்னால் பளிச்சென்று வெள்ளை ஓடு பதித்த சுவர். ஆஸ்பத்திரி என்று நினைத்தேன்.

"சாப்பிட்டாச்சுங்க. ஜெமி, நீங்க தனியா இருக்கீங்களா?"

"அவ எதுக்குத் தனியா இருக்கா? நாங்க எல்லாரும் உண்டும்லா," என்று பெரியம்மை மீனைத் திரைக்கு நேரே தூக்கிக் காட்டினாள். "பாத்தியா, நல்ல விளமீன்."

மேடம் பயிற்சி பெற்றவர், பதறவில்லை. "குடும்பம் கூட இருக்கறதும் ஒரு பலந்தானுங்க. ஜெமி, உங்க பதட்டம் எவ்வளவு இருக்கும்? ஒண்ணுலருந்து பத்துக்குள்ள ஒரு நம்பர் சொல்லுங்க பார்க்கலாம்."

"பதட்டம்னா?" என்றார் அப்பா.

"வெப்ராளம்," என்றேன். "ஏழு."

நம்பர் காதில் விழுந்ததும் அப்பாவின் முதுகு நிமிர்ந்தது. "ஏழு!" என்றார். குரல் தானாக வந்தது. "ஏழு, ஏழு, ஏழு... ஏழுக்கு மேல யாரு?"

"ஏழரை," என்றாள் மைனி. "கெட்டின ஒரே மாசத்துல மாப்பிள்ள மஸ்கட்டுக்குப் போயாச்சு. எனக்கு ஏழரை கூட வராதா?"

"ஏழரை! ஏழரை ஒரு தரம்..."

"எட்டு," என்றாள் அம்மா. "இவளைப் பெத்ததுக்கு."

"எட்டு ஒரு தரம்! எட்டு ரெண்டு தரம்..."

"ஒம்பது!" பெரியம்மை மீனை உயர்த்தினாள். "எனக்க மூணு பயக்களும் கடல்லயாக்கும். காத்து அடிச்சா நான் உறங்கதில்ல."

அப்பா என்னைப் பார்த்தார். பத்து என்று சொல்லியிருக்கலாம். மூச்சு வரவில்லை.

"ஒம்பது மூணு தரம்!" மேசையில் ஓங்கித் தட்டினார். "முடிஞ்சு. ஜெமி, எழும்பி இடம் விடு."

பெரியம்மை என் நாற்காலியில் உட்கார்ந்தாள். மேடம் அவளுக்கு மூச்சை இழுத்து அடக்கி விடச் சொல்லிக்கொடுத்தார். பெரியம்மை அடக்கினாள், அடக்கியபடியே இருந்தாள். "விடுங்கம்மா, போதும், விடுங்க!" என்று மேடம் கெஞ்சிய பிறகு விட்டாள்.

"எங்க அப்பன் கடல்ல முங்கிச் சங்கு எடுத்தவராக்கும்," என்றாள் பெருமையாக. "சரி, உனக்கு எவ்வளவு மோளே?"

"எனக்குங்களா?"

"பின்ன? உனக்கு வெப்ராளம் இல்லியா?"

மேடம் சிரித்தார். அந்தச் சிரிப்பு பாதியில் கோணிக்கொண்டது. "எட்டுங்க," என்றார். பிறகு, "எட்டரை."

அழ ஆரம்பித்துவிட்டார்.

"வீட்ல பேச இடமே இல்லீங்க. மாமியார் கதவுல காதை வெச்சு நிப்பாங்க. இப்பக்கூட பாத்ரூம்லதான் உக்காந்திருக்கேன். அங்க மட்டுந்தான் உள்தாழ்ப்பாள் இருக்கு."

அப்போதுதான் அவர் தோளுக்குப் பின்னால் தொங்கிய மஞ்சள் குளியல் கப்பைப் பார்த்தேன்.

"அய்யோ எனக்க மோளே!" அம்மா திரையைத் தடவினாள். ஆளாளுக்கு ஆலோசனை சொன்னார்கள். மாமியாருக்கு டிவி வாங்கிக் கொடு என்றாள் மைனி. உள்ளே கூப்பிட்டு உட்கார வை, அவளுக்கு எவ்வளவு என்று கேட்போம் என்றார் அப்பா. அண்ணன் மகன் ஏ பி சி டி சொல்லிக் காட்டினான். மேடம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கைதட்டினார்.

"ஜெமி," என்று ஒரு தடவை என் பக்கம் திரும்பினார். "எவ்வளவு நல்ல குடும்பங்க! உங்களுக்கென்னங்க கவலை?"

ஆத்திரத்தில் லேப்டாப்பைத் தூக்கிக் கிணற்றில் போட்டிருப்பேன். ஆனால் சுவரோரம் நின்று பார்த்தபோது ஒன்று தெரிந்தது. இவ்வளவு நேரத்தில் யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. விசா இல்லை, கேஸ் இல்லை, கோழி இல்லை. கோயம்புத்தூரில் குளியலறையில் உட்கார்ந்து அழுகிற ஒருத்தியை என்னுடைய உதவியில்லாமலேயே இவர்கள் தேற்றிக்கொண்டிருந்தார்கள். நான் போனால் இவர்கள் என்ன ஆவார்கள்? இதுதான் ஆவார்கள். பவுடர் போட்டு உட்கார்ந்திருப்பார்கள்.

மூச்சு ஒரு தடவை அடிவயிறு வரைக்கும் போய் வந்தது. நாளைக் காலை வருகிறேன் என்று கம்பெனிக்குப் போனிலேயே எழுதி அனுப்பினேன். ஒரு வாரமாகக் கட்டிலுக்கடியில் கிடந்த பையை இழுத்து, சான்றிதழ்களையும் நாலு துணியையும் திணித்தேன்.

"ஏட்டி, பையத் தூக்கிட்டு எங்க?" என்றாள் அம்மா. கண் திரையில்தான்.

"திருவனந்தபுரத்துக்கு. வேலைக்கு. கம்பெனி ஹாஸ்டல் ரூமுக்கு உள்ள கொண்டி உண்டு."

"செத்த இரு. மேடத்துக்க பிள்ளைய இப்பம் காட்டுவா."

அப்பா மட்டும் திரும்பினார். பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நகர்ந்து எனக்கு வழி விட்டார்.

"விளிக்கேன்ப்பா," என்றேன். "ஸ்கைப்புல. வரிசையா இருங்க."

வெளியே வந்து கதவை இழுத்துச் சாத்தினேன். முற்றத்தில் பெரியம்மை விட்டுவிட்டு வந்த மற்ற மீன்களைப் பூனை தின்றுகொண்டிருந்தது. பூனை வந்திருக்கு என்று உள்ளே சத்தம் கொடுக்க வாய் திறந்தேன். பிறகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.