முன்னூறு கிலோமீட்டர் பாயும் நீலம்

ஊரார் கண்களைச் சோதித்துக் கண்ணாடி மாட்டிவிடுவதுதான் அவர் தொழில். ஞாயிற்றுக்கிழமை காலை மொட்டைமாடியில் நின்று, தலைக்கு மேல் சீறிப் போன போர் விமானத்தைப் படம் பிடித்து, விமானப் பைத்தியங்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். அதன் இறக்கைக்கு அடியில் நீலமாக, மங்கலாக ஏதோ ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது.

குழு அல்லோலகல்லோலப்பட்டது. ‘ரேடார்’ என்று பட்டப்பெயர் வாங்கிய பல் டாக்டர், விமானத்தின் நீளத்தை வைத்து அதை அளந்து பார்த்து, "புது ஏவுகணை. முன்னூறு கிலோமீட்டர் பாயும்" என்று அடித்துச் சொன்னார். உலகத்துக்கே முதல் படம் இதுதானாம்.

கண்ணாடிக்கடைக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. கீழே ஓடி, படத்தைப் பெரிதாக்கி மனைவியிடம் நீட்டினார்.

அவள் ஒரே ஒரு பார்வைதான் பார்த்தாள். "இது நம்ம கொடியில கெடக்குற துணி கிளிப்புங்க. முன்னூறு கிலோமீட்டரா? நேத்து அடிச்ச காத்துல பக்கத்து வீட்டு மாடிக்கே போய்ச் சேரல!"

அவர் முகத்தில் ஈயாடவில்லை. ஆனாலும் நேர்மையான மனுஷர். "மன்னிக்கணும், அது துணி கிளிப்பு" என்று குழுவில் எழுதிவிட்டு, வசவு வாங்கத் தயாராக உட்கார்ந்தார்.

ரேடாரிடமிருந்து உடனே பதில் வந்தது.

"புரியுது சார். மேலிடத்துலருந்து போன் வந்துருச்சா? படத்த அழிச்சிடுங்க. நாங்க யாரும் எதையும் பாக்கல."