இடது புருவம்

இஸ்திரி போட்டு ஒட்டிய தாளை மூலையில் பிடித்து உரிக்கும்போதே கோமளத்துக்கு ஏதோ இடித்தது. வெள்ளை டீ-சர்ட்டின் மார்பில் தம்பி நடேஷ் சிரித்துக்கொண்டிருந்தான். கீழே அவன் பெயர், பிறந்த தேதி, இன்றைய தேதி. எழுத்தெல்லாம் சரி. முகம்தான் சரியில்லை. புருவத்தை இரண்டாக வெட்டும் தழும்பு வலது பக்கம் இருந்தது.

நடேஷ் முன்னறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தான். பீங்கான் கம்பெனியில் விடியற்காலை சூளைப் பக்கம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழவில்லை. கல்யாணம் ஆகாத அக்காவும், அக்காவுக்கு ஆகட்டும் என்று காத்திருந்தே நாற்பத்து நாலை எட்டிய தம்பியும் இருந்த வீடு. கொள்ளிச்சட்டி தூக்கப் பெரியப்பா மகன் வந்துவிட்டார். அக்காவுக்கென்று யாரும் ஒரு வேலையும் வைக்கவில்லை.

அதனால்தான் காலையில் வாலிபால் டீம் பழமலை தயங்கித் தயங்கி வந்து நின்றபோது அவள் யோசிக்கவே இல்லை.

"தப்பா நெனைக்காதீங்கக்கா. டீமுல இருவது பேரும் நடேஷ் படம் போட்ட டீ-சர்ட்டுல போலாம்னு இருக்கோம். கடலூரு போயி அடிச்சிக்கிட்டு வந்துர்றோம்."

"நான் எதுக்கு இருக்கறேன்? வூட்டுலயே போட்டுத் தரேன்."

கோயில் திருவிழா, பள்ளிக்கூட ஆண்டு விழா என்று ஊருக்கெல்லாம் வீட்டிலிருந்தே தாளில் அச்செடுத்துத் துணியில் படம் ஒட்டித் தருகிறவள் அவள். சுடுகாட்டுக்குப் பெண்கள் போகக்கூடாது. கைவேலையாவது அவனோடு போகட்டும் என்று நினைத்தாள்.

"சாவு வூட்டுல என்னாடி இஸ்திரி?" என்று பெண்ணாடத்துச் சித்தி காசியம்மாள் எட்டிப் பார்த்தாள். திரும்பிப் போய், விட்ட இடத்திலிருந்து அழ ஆரம்பித்தாள்.

பழமலை அனுப்பியது நடேஷ் தானே எடுத்துக்கொண்ட செல்ஃபி. கண்ணாடியில் தெரிவதுபோல் போன் அதை இடவலம் மாற்றி வைத்திருந்தது. அவசரத்தில் கோமளம் அதைப் பார்க்கவில்லை. இருபது தாளும் அப்படியே அச்சாகிக் கிடந்தன.

"ஆச்சாக்கா? நாலு மணிக்கு எடுக்கறாங்களாம்" என்று பழமலை வந்தான்.

"இந்தத் தழும்பு அவனுக்கு எந்தப் பக்கம்?"

அவன் டீ-சர்ட்டைப் பார்த்தான். "வலது."

"படத்தப் பாக்காத. நெனச்சிச் சொல்லு."

இருபத்தைந்து வருஷம் வலைக்கு இந்தப் பக்கம் ஒன்றாக நின்று ஆடியவன். தன் புருவங்களை மாற்றி மாற்றித் தொட்டுப் பார்த்தான். "தெரியலக்கா" என்றான்.

"போயிப் பாத்துட்டு வா."

போனவன் பெட்டிக்குப் பக்கத்தில் நெடுநேரம் நின்றான். திரும்பி வந்தபோது மூக்கு சிவந்திருந்தது.

"இடதுக்கா." பிறகு மெதுவாக, "வுடுங்கக்கா. யாரு கவனிக்கப் போறாங்க?"

ஒருத்தரும் கவனிக்க மாட்டார்கள். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. அவளுக்கு ஆறு வயதிருக்கும்போது அவள் இடுப்பிலிருந்து நழுவி வாசற்படியில் விழுந்து அவன் வாங்கிய வெட்டு அது. பாவாடையால் பொத்திக்கொண்டு அவனைவிடச் சத்தமாக அழுதவள் அவள். எந்தப் பக்கம் என்று கேட்டால் சொல்ல இனி வேறு ஆள் கிடையாது.

தப்பான டீ-சர்ட்டையும் தாள்களையும் தள்ளி வைத்தாள். படத்தை மட்டும் திருப்பி, மாசி மகத்துக்கு வாங்கியிருந்த தாளில் மறுபடி அச்செடுத்தாள். இஸ்திரிப் பெட்டியை அழுத்துவதும் மனசுக்குள் எண்ணுவதும் உரிப்பதுமாக மத்தியானம் போயிற்று. உரித்த ஒவ்வொன்றிலும் அந்தப் புருவத்தை விரலால் தடவினாள். பதினேழாவதில் அழுகை வந்துவிட்டது. துணியில் ஈரம் பட்டால் படம் ஒட்டாது என்று சுவர்ப் பக்கம் திரும்பி நின்று அழுதாள்.

நாலு மணிக்கு மேளம் தொடங்கியது. டீ-சர்ட்டைப் போட்டுக்கொண்டு பழமலை முதல் ஆளாக வந்து நின்றான். "இப்ப சரியா இருக்குதாக்கா?" என்று கேட்டான். தலையை ஆட்டினாள்.

தெருமுனையில் பெண்களை நிறுத்திவிட்டார்கள். பூ வண்டி பெரிய ரோட்டில் திரும்ப, இருபது பேரும் அதன் பின்னால் நடந்தார்கள். மார்பிலிருந்த நடேஷ் முகமெல்லாம் முன்பக்கம் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. அவள் நின்ற இடத்திலிருந்து வெறும் வெள்ளை முதுகுகள்தான் தெரிந்தன.

"வாடி, வூடு கழுவணும்" என்று காசியம்மாள் கையைப் பிடித்தாள்.

"இருங்க சித்தி" என்றாள் கோமளம். "எவனாவது ஒருத்தன் திரும்புவான்."