பொங்காத கரைசல்

வெல்லத் தண்ணீரில் கலந்து வைத்திருந்த பாக்டீரியா பவுடர் வியாழன் மத்தியானம் அடுப்பு மேடையில் நுரைத்து வழிவதை ஷமா பார்த்தாள். சாராயமாட்டம் நாறுது, எடுத்துக் கொட்டு என்றார் மாமியார் ஜெய்புன்னிசா. காலையில் அந்தப் பாத்திரத்தை வெந்நீர் அண்டாவுக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்தவரும் அவர்தான்.

ஊட்டி வீட்டிலிருந்தே இறால் பண்ணைக்காரர்களுக்குப் போனில் ஆலோசனை சொல்வது ஷமாவின் வேலை. பாசித்தூளையும் நல்ல பாக்டீரியா பவுடரையும் தீவனத்தில் எந்த அளவில் கலப்பது என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். உயிருள்ள இறாலைப் பார்த்ததில்லை. பார்க்கச் சொல்லி யாரும் கேட்டதுமில்லை.

வேதாரண்யத்து எல்லப்பனின் குளத்தில் எழுபது நாள் வளர்ந்த இறால், குடல் நோயான வெள்ளைக் கழிச்சல் ஆரம்பம். புதிதாக வந்த பவுடரை நம்பிப் போடலாமா என்று திங்களன்று கேட்டார். வேறு ஆலோசகர் யாராவது என்றால் பாக்கெட்டோடு வரும் தாளைப் பார்த்துப் போடுங்கள் என்றிருப்பார்கள். ஷமாவுக்குக் கொஞ்சம் கூடுதல் அக்கறை. தன்னிடமிருந்த மாதிரி பாக்கெட்டைப் பிரித்துக் கரைத்து வைத்தாள். ஒரே நாளில் பொங்கும் என்றது தாள். செவ்வாய் சாயங்காலம் வரை ஒரு குமிழி வரவில்லை. பவுடர் செத்துவிட்டது, எல்லாவற்றையும் கொட்டிவிடுங்கள், புதுசு அனுப்பச் சொல்கிறேன் என்று அவரிடம் சொல்லிவிட்டாள்.

இட்லி மாவே இரண்டு நாளானாலும் புளிக்காத ஊர். மாவுச் சட்டிக்கு மாமியார் கம்பளி சுற்றுவதைத் தினமும் பார்க்கிறவள். இதைப் போய் எப்படி மறந்தாள் என்று அவளுக்கே அவள்மேல் எரிச்சலாக வந்தது.

புதுப் பாக்கெட் சனிக்கிழமை போய்ச் சேர்ந்துவிடும். வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. கால் மணி நேரம் அப்படியே இருந்தும் பார்த்தாள். பிறகு போனை எடுத்தாள்.

"அண்ணா, அந்தப் பவுடர் நல்லாத்தான் இருந்திருக்குதுங்க. இங்க குளிருங்க, அதான் பொங்கல. தெரியாம நான்..."

தெரியாமல் என்பது பொய். அதோடு நிறுத்திக்கொண்டாள்.

"குளிரா? நீ எங்கேருந்து பேசுற தங்கச்சி?"

"ஊட்டிங்க."

அவர் திட்டவில்லை. பன்னிரண்டு பாக்கெட்டையும் அன்றைக்கே வாய்க்காலில் கொட்டிவிட்டதாகச் சொன்னார். லைன் துண்டானது. உடனே வீடியோ அழைப்பு வந்தது.

"பாரு," என்றார்.

கலங்கிய நீரின் ஓரத்தில் இறால்கள் கூட்டமாக ஒதுங்கி நின்றன. ஈரமான கை ஒன்று அதிலொன்றை எடுத்து வெயிலுக்கு நேரே பிடித்தது. உடம்பு கண்ணாடியாகத் தெரிந்தது. முதுகு நெடுக, தீவனம் பழுப்புக் கோடாக ஓட வேண்டிய இடத்தில், ஒன்றுமே இல்லை; குடல் காலி. இறால் ஒரு தரம் துள்ளியது. கை அதைப் போனுக்கு இன்னும் கிட்டத்தில் கொண்டுவந்தது.