மலைக்கு நாள் குறித்தவள்

எழுபத்துநான்காம் ஆண்டு பொன்னுத்துரை மாஸ்டர் தம் புவியியல் வகுப்புக்கு ஒரு செயற்றிட்டம் கொடுத்தார். எடுக்க எடுக்கத் தீர்ந்துபோகிற வளம் ஒன்றை ஊரில் கண்டுபிடிக்க வேண்டும். அது இன்னும் எத்தனை வருஷம் வரும் என்று கணக்கிட வேண்டும். அதைக் காப்பாற்ற அரசாங்கம் என்ன செய்யலாம் என்றும் எழுத வேண்டும். வகுப்பில் பாதிப்பேர் பெட்ரோல் என்று சொல்லிவிட்டுத் தம்புள்ளை வீதியில் லொறி எண்ணப் போனார்கள். ஹிதாயாவுக்கு வெயிலில் நின்று லொறி எண்ண விருப்பமில்லை. அதற்கு அவசியமும் இல்லை. நாவுலையில் அவளுடைய மாமா ஸக்கரியாவுக்கு அரை மலை சொந்தமாக இருந்தது.

சுண்ணாம்புக்கல் மலை. தெற்குப் பக்கம் ஸக்கரியாவுக்கு, வடக்குப் பக்கம் அவருடைய மச்சான் சாலிஹுக்கு. எல்லைக்கல்லை யார் நகர்த்தியது என்ற தகராறில் இருவரும் ஒன்பது வருஷமாக முகம் பார்த்துப் பேசுவதில்லை. ஸக்கரியா தன் பக்கத்துக் கல்லை உடைத்து, சூளையில் சுட்டு, சுண்ணாம்பாக்கி விற்றார். சாலிஹ் தன் பக்கத்தில் ஆடு மேய்த்தார்.

ஒரு சனிக்கிழமை ஹிதாயா தன் சிநேகிதி தங்கம்மாவோடு அங்கே போய் இறங்கினாள். தங்கம்மாவின் அப்பாவுக்கு மாத்தளையில் இரும்புக்கடை. அங்கிருந்து நூறடி அளவு நாடா ஒன்றைக் கேட்டு வாங்கி வந்திருந்தாள். இருவரும் மாமாவின் பக்கத்து மலையைச் சுற்றி அளந்தார்கள். நிழலை வைத்து உயரம் கண்டார்கள். பிறகு மர நிழலில் உட்கார்ந்து, சூளைக்குக் கல் போகிற மாட்டுவண்டிகளை எண்ணினார்கள். பொழுது சாய்வதற்குள் நாற்பது வண்டி. தங்கம்மா அதை முந்நூற்று அறுபத்தைந்தால் பெருக்கி, மலையை அதனால் வகுத்தாள்.

விடையை ஹிதாயா இரண்டு தடவை பார்த்தாள். சொல்லாமல் போனால் பாவம் என்று நினைத்து, பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்த மாமாவிடம் நேரே போய்ச் சொன்னாள்.

“மாமா, உங்கட மலை இன்னும் பதினொரு வருஷத்துல முடிஞ்சிரும்.”

ஸக்கரியா மலையை அண்ணாந்து பார்த்தார். அவருடைய பாட்டனாருக்கும் முன்பிருந்தே அங்கே நிற்கிற மலை.

“ஆரு சொன்ன?”

“கணக்கு.”

“கணக்கா?” அவர் கோப்பையைக் கீழே வைத்தார். “அப்ப என்ன செய்யச் சொல்ற?”

ஹிதாயா உற்சாகமாகக் கொப்பியைத் திறந்தாள். நாளுக்கு இத்தனை வண்டிதான் என்று அரசாங்கம் வரையறை போடலாம். கல்லுடைக்க பேர்மிட் கொடுக்கலாம். அவள் மூன்றாவதைப் படிக்குமுன் ஸக்கரியா எழுந்துவிட்டார். பேர்மிட் வந்த பண்டமெல்லாம் விலை ஏறியதைக் கண்டவர் அவர்; அந்தச் சொல் காதில் விழுந்த பிறகு வேறெதையும் கேட்கவில்லை.

மறுநாளே சூளையை நிறுத்தினார். தீரப்போகிற கல்லுக்கு நாளாக நாளாக மதிப்புக் கூடும், அவசரப்பட்டு விற்பவன் மடையன் என்பது அவர் யோசனை. மலையடிவாரத்தில் ஒரு கதிரையைப் போட்டு, குடையை விரித்துக்கொண்டு காவலுக்கு உட்கார்ந்தார். கல்லை யாராவது சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள் என்பதுபோல வழியில் போகிறவர்களையெல்லாம் முறைத்துப் பார்த்தார்.

இரண்டு வாரம் கழித்து, சூளையில் வேலை செய்கிற நல்லம்மா நாவுலை பஸ் நிற்குமிடத்தில் இரு பெண்களையும் பிடித்துக்கொண்டாள்.

“மலைக்கு நாள் குறிச்ச புள்ளைங்க நீங்கதானே? நல்லா இருப்பீங்க! பன்னெண்டு பேரு வேலையில்லாம குந்தியிருக்கோம். வெத்தலைக்குத் தடவச் சுண்ணாம்பு இல்லம்மா, சுண்ணாம்புச் சூளைக்காரிக்கு!”

“இல்ல அக்கா, ஒரு நாளைக்கு நாப்பது வண்டி எடுத்தா மலை எப்படி நிக்கும்?” என்றாள் தங்கம்மா.

நல்லம்மா அவளை விசித்திரமாகப் பார்த்தாள். “நாளைக்கு நாப்பதா? பத்து நாளைக்கு ஒருக்காதானே கல்லு ஏத்துறோம். தினமும் ஏத்துனா அது எப்ப வேகறது, எப்ப ஆறறது?”

இரு பெண்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பஸ்ஸிலேயே கொப்பியை மடியில் வைத்துத் திரும்பக் கணக்குப் போட்டார்கள். நூற்றுப்பத்து வருஷம் வந்தது. பாதி வழியில் இறங்கி, ஓட்டமும் நடையுமாக மலையடிக்குத் திரும்பினார்கள்.

“மாமா, கணக்குப் பிழைச்சுப் போச்சு. பதினொண்டு இல்ல, நூத்திப்பத்து!”

ஸக்கரியா குடையைக்கூட நகர்த்தவில்லை. “முந்திச் சொன்னது நீ படிச்சுச் சொன்ன, மகள். இப்ப சொல்றது நல்லம்மா அழுததுக்காக.”

எவ்வளவு விளக்கினாலும் அவர் அசையவில்லை. குறைந்த எண்ணில்தான் அவருக்கு நம்பிக்கை. ஹிதாயா அன்றிரவு சாப்பிடவில்லை. பன்னிரண்டு பேரின் அடுப்பை ஒரு பெருக்கல் அணைத்துவிட்டதே என்று மனசு அடித்துக்கொண்டது.

அடுத்த சனிக்கிழமை அவள் ஒரு துணிச்சல் செய்தாள். மாமா பார்க்கும்படியாக அவர் கதிரைக்கு முன்னாலேயே தங்கம்மாவோடு நடந்துபோய், வடக்குப் பக்கத்தில் அளவு நாடாவை விரித்தாள்.

“அங்கென்ன அளக்கிற?” என்று மாமாவின் குரல் வந்தது.

“சாலிஹ் மாமாட பக்கம், மாமா. அவரும் சூளை போட்டா எத்தன வருஷம் வரும் எண்டு பார்க்கிறம்.”

ஸக்கரியா பாய்ந்தெழுந்ததில் கதிரை குப்புற விழுந்தது. அந்தியாவதற்குள் சூளையில் புகை எழுந்தது. நல்லம்மா வாய் நிறைய வெற்றிலையோடு சிரித்தாள்.

இவ்வளவோடு நின்றிருந்தால் நன்றாயிருக்கும். ஆனால் நாடாவைப் பார்த்தது ஸக்கரியா மட்டுமல்ல. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த சாலிஹும் பார்த்தார். அதிலிருந்து மூன்றாம் வாரம் அவர் நிஜமாகவே ஒரு சூளை கட்டினார். அவரை முந்துவதற்காக ஸக்கரியா இன்னுமொரு சூளை கட்டி, நாலு நாளைக்கு ஒரு தடவை கல் ஏற்றினார். தங்கம்மா புதிதாகக் கணக்குப் போட்டாள். நூற்றுப்பத்து நாற்பத்துநாலாகிவிட்டது.

“நாம படிக்கப் படிக்க மலை கரையுதுடி,” என்றாள் தங்கம்மா.

செயற்றிட்டத்தை வகுப்பில் வாசிக்கிற நாளில், அழைக்காமலே ஸக்கரியா வந்து கடைசி வாங்கில் உட்கார்ந்தார். சாலிஹின் பக்கத்துக்கு எத்தனை வருஷம் என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும். சற்று நேரத்தில் சாலிஹும் அதே காரணத்துக்காக வந்து, மற்ற மூலையில் உட்கார்ந்தார். பொன்னுத்துரை மாஸ்டர் இருவருக்கும் சலாம் சொல்லிவிட்டு, ஒன்றும் புரியாமல் ஹிதாயாவைப் பார்த்தார்.

ஹிதாயா மூன்று எண்களையும் மறைக்காமல் வாசித்தாள். கடைசியில் தன் சிபாரிசைச் சொன்னாள்: “இரண்டு சூளைக்காரரும் ஒரு மாதம் விட்டு ஒரு மாதம் முறைவைத்துச் சுட வேண்டும். கல்லும் நிற்கும், வேலையும் நிற்காது.”

“அது ஏலாது!” என்றார் ஸக்கரியா.

“அது எப்படி ஏலும்?” என்றார் சாலிஹ், அதே நொடியில்.

வகுப்பே திரும்பிப் பார்த்தது. அவர்கள் இருவரும் ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஸக்கரியா தொண்டையைச் செருமினார்.

“அடை மழையில சூள பத்துமா? மழ மாசம் எனக்கு வந்தா நான் என்ன செய்ற?”

“அதத்தான் நானும் கேக்கிற,” என்றார் சாலிஹ். “மழயில சுடவே ஏலா.”

“இந்தப் புள்ளக்கிக் கணக்கும் தெரியா, சூளயும் தெரியா, மச்சான்.”

“எங்க தெரியும்? ஆட்டுக்குப் புல்லிருந்த இடத்தையெல்லாம் மிதிச்சு அளந்த.”

மணி அடித்தது. இருவரும் அவளைக் குறை சொல்லிக்கொண்டே சேர்ந்து படியிறங்கினார்கள். மழை மாதத்தைப் பாதிபாதியாகப் பிரித்தால் என்ன என்று சாலிஹ் கேட்பது ஜன்னல் வழியே கேட்டது. தன்னைத் திட்டுகிற சத்தம் தேநீர்க்கடைப் பக்கமாகத் தேய்ந்து மறையும்வரை, ஹிதாயா கொப்பியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சந்தோஷமாக நின்றாள்.