அருள்சாமி வாத்தியார் கொண்டுவந்த கோடி

கௌரியைக் குளிப்பாட்டி வாசலில் கிடத்தியபோது அருகில் இருந்தவர்கள்: மாமனார் பொன்னுவேல், மாமியார் பாவாயி, கணவன் பிரபாகர், மகள் சௌமியா, கிளியூரிலிருந்து பிறந்த வீட்டுக் கோடியோடு வந்த அண்ணன் முருகன். சுற்றிலும் மலைமேலிருக்கும் மஞ்சக்குட்டை ஊர்ச் சனம். யாருக்கும் தெரியாதவர் ஒருவர்தான்.

முருகன் கோடிச் சேலையை விரித்துத் தங்கையின் மேல் போர்த்திவிட்டு நிமிர்ந்தான். அந்த மனிதர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னே வந்தார். செருப்பை ஓரமாகக் கழற்றினார். பையிலிருந்து ஒரு புதுச் சேலையை எடுத்துப் பிரித்தபடியே குனிந்தார்.

பொன்னுவேல் குறுக்கே வந்து நின்றார்.

"ஏனுங்க, நீங்க யாரு?"

"அருள்சாமிங்க ஐயா. தர்மபுரிப் பக்கம் வாத்தியாரு. மேடத்த நேர்ல பாத்ததில்லீங்க. டீச்சருங்க வாட்ஸப் குரூப்புல பழக்கம்."

பின்னாலிருந்து ஒரு கிழவி கேட்டாள்: "இவரு எந்த மொறையில கோடி போடறாரு?"

"போன் மொறையாட்ட இருக்குது" என்றது இன்னொரு குரல். யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள்.

பொன்னுவேல் திரும்பிப் பார்க்கவில்லை. காப்பித் தோட்டத்தின் மேல்முனையில்தான் சிக்னல் கிடைக்கும். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் கௌரி போனோடு அங்கே ஏறிவிடுவாள். ஊர் வாய்க்குப் பயந்து அவர்தான் பிரபாகரையும் கூடவே அனுப்பினார். யாரோடு பேசுகிறாள் என்று மருமகளிடம் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. கேட்பது கௌரவமாக இருக்காது என்று விட்டுவிட்டார். போன வாரம் காய்ச்சல் வந்து, அது மூளைக்கு ஏறி, சேலம் ஆஸ்பத்திரியில் அவள் கண்ணை மூடிவிட்டாள்.

"ஒரே ரூம்ல அஞ்சு கிளாஸையும் வெச்சுக்கிட்டு நான் முழிச்சிட்டிருந்தேனுங்க. மேடம் போட்ட வீடியோவப் பாத்துத்தான் பாடம் நடத்தவே கத்துக்கிட்டேன். இதப் பாருங்க" என்று அருள்சாமி போனை நீட்டித் தொட்டார்.

வாசலில் கௌரியின் குரல் எழுந்தது. "அஞ்சாவது படிக்கறவங்க ரெண்டாவதுக்குச் சொல்லிக் குடுங்க. பத்துப் பத்தா வைக்கோணும். இந்தக் காப்பிக்கொட்டையெல்லாம் எங்க மாமா பொறுக்கிக் குடுத்தது. ஆரும் வாயில போடக் கூடாது சாமி."

"கண்ணு, எந்திரிச்சிட்டியா!" பாவாயி மார்பில் அடித்துக்கொண்டு உடலின் மேல் விழுந்தாள்.

"அத நிறுத்துங்க" என்றார் பொன்னுவேல்.

அருள்சாமி அவசரத்தில் வேறெதையோ தொட்டார். குரல் நிற்கவில்லை. பிள்ளைகள் எண்ண ஆரம்பித்தார்கள். பிரபாகர்தான் போனை வாங்கி அணைத்தான். கூட்டம் பொன்னுவேலின் முகத்தையே பார்த்தது. சொத்தைக் கொட்டைகளை அவர் பொறுக்கி அவளிடம் கொடுத்தது உண்மை. பிள்ளைகள் விளையாடக் கேட்கிறாள் என்று நினைத்திருந்தார்.

"எங்கூர்ல, கூட வேல செஞ்சவங்களும் கோடி போடுவாங்க ஐயா. இங்க வழக்கம் வேறன்னு தெரியாதுங்க" என்றார் அருள்சாமி.

பொன்னுவேல் முருகனைப் பார்த்தார். "நீங்க சொல்றதுதான் மாமா" என்று அவன் ஒதுங்கிக்கொண்டான். பிரபாகரைப் பார்த்தார். அவன் ஏதாவது சொல்லமாட்டானா என்று இருந்தது. அவன் அணைந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்தச் சேலை அவள்மேல் விழுந்தால், நாளை சௌமியாவைப் பெண் பார்க்க வருகிறவர்கள்கூட எந்த முறையில் விழுந்தது என்று கேட்பார்கள். விழாவிட்டால், இவ்வளவு தூரம் வந்த மனிதர் வெறுங்கையோடு மலை இறங்கவேண்டும்.

"வாத்தியாரே, இது பொறந்த ஊட்டுக்காரங்க மட்டும் போடறது. நீங்க போட்டா எம் மருமவ பேருதான் கெடும். மாலை போடுங்க. இது வேண்டாமுங்க."

"டீச்சருங்க எல்லாருஞ் சேந்து எடுத்த சேலைங்க. ஆளுக்கொரு ஊர்ல இருக்காங்க, வர முடியல. மேடத்துக்குப் போட்டாச்சான்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க. என்னன்னு சொல்லட்டும்?"

பொன்னுவேல் துண்டை எடுத்துத் தோளில் மறுபடி போட்டுக்கொண்டார்.

"நேரமாகுது, தூக்குங்க" என்று யாரோ சொன்னார்கள்.

அந்தச் சேலையைப் பிடுங்கி வேலிக்கு வெளியே பொன்னுவேல் எறிந்தார் என்று பக்கத்து ஊர் வெள்ளக்கடையில் இன்னும் பேசிக்கொள்கிறார்கள். அது பொய். வாங்கி, கலைந்த மடிப்பைச் சரிசெய்து, இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார்.