பனங்கொட்டை என்று நினைத்தோம்

மம்சாபுரத்துக்கு மேற்கே மலையடியில் எங்களுக்கு எட்டு ஏக்கர். ஐந்தில் மாடுகள் மேய்ந்தன. மூன்றை மானுக்கும் மயிலுக்கும் என்று புதராகவே விட்டிருந்தோம். அப்படிக் காடு விட்ட பண்ணைகளின் பாலை ராஜபாளையத்துக் கம்பெனி ஒன்று தனியாக வாங்கியது. அதற்காக மாதாமாதம் இயற்கை இடர் அறிக்கை ஒன்று கேட்டார்கள். கிணற்று மட்டம், காட்டுத்தீ, மாட்டு நோய், காட்டு விலங்கு மாட்டைத் தொட்டதா என்று கட்டம் கட்டமாகக் கேள்விகள். என் கணவர் அய்யூப் சொல்வார், நான் எழுதுவேன்.

ஆனி மாதம் ஒரு நண்பகலில் நரி ஒன்று வந்தது. ஆளைக் கண்டால் நரி ஓடும். இது ஓடவில்லை. தள்ளாடியபடி வந்து, சினையாக இருந்த செவலைப் பசுவின் மூக்கைக் கடித்தது. அவர் கம்பை ஓங்கியதும் கம்பையும் கடித்துவிட்டுப் புதருக்குள் போனது. வேலைக்காரன் சமுத்திரம் அன்று வரவில்லை.

அறிக்கையில் ‘நரி கடித்தது’ என்று எழுதினேன். அவர் எட்டிப் பார்த்தார்.

“இதை அனுப்புனா, ஆள் வந்து பாக்குத வரைக்கும் பாலை எடுக்க மாட்டாங்க. சின்னக் கீறல்தான, மஞ்சள் வச்சா ஆறிரும். ‘இல்லை’ன்னு போடு, ஹாஜரா.”

வேறு தாள் எடுத்து ‘இல்லை’ என்று எழுதினேன்.

காயம் ஆறியது. ஆவணியில் பனம்பழம் விழத் தொடங்கியபோது செவலை தீனி எடுக்காமல் நின்றது. எச்சில் நூலாக ஒழுகியது. கத்தினால் குரல் கம்மியது. எங்கள் பக்கத்தில் மாடு இப்படி நின்றால் தொண்டையில் பனங்கொட்டை சிக்கிவிட்டது என்றுதான் நினைப்போம். கையை விட்டு எடுத்துவிடுவோம்.

சமுத்திரம் தாடையைப் பிரித்துப் பிடித்தான். அவர் முழங்கை வரை விட்டுத் துழாவினார்.

“என்ன பாய், வெத்தலைப் பெட்டிக்குள்ள பாக்கு தேடுத மாதிரி தேடுதீய?”

“நீ வாயை மூடுலே. அவ வாயை மட்டும் தொறந்து பிடி.”

பிறகு சமுத்திரமும் கையை விட்டுப் பார்த்தான். இருவர் கையிலும் பல் கீறியது. கொட்டை கிடைக்கவில்லை. நான் எச்சிலைத் துடைத்துவிட்டேன். மூன்றாம் நாள் பசு விழுந்துவிட்டது.

அந்த மாத அறிக்கையில் ‘பனங்கொட்டை சிக்கி இறந்தது’ என்று எழுதும்போது, “அந்த நரி...” என்று ஆரம்பித்தேன்.

“ரெண்டு மாசமாச்சு. அதுக்கும் இதுக்கும் என்ன?” என்றார். எனக்கும் நம்ப வேண்டும் போலிருந்தது. நம்பினேன்.

ஐப்பசியில் அவருக்குக் கை மரமரத்தது. காய்ச்சல் வந்தது. ஒரு காலை, டீ டம்ளர் உதட்டருகே போனதும் தொண்டை இறுகி, டம்ளரை வீசி எறிந்தார். மின்விசிறிக் காற்றுக்கே நடுங்கினார்.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் டாக்டர், “ரேபிஸ் மாதிரி இருக்கு. நாய் கடிச்சுதா?” என்று கேட்டார். நான் நரியிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

“அந்த மாட்டு வாயில கை வச்சவங்க வேற யாரும்மா?”

நான் வாய் திறக்குமுன் அய்யூப் பதில் சொன்னார். “சமுத்திரம். அவனைக் கூட்டிட்டு வா. நான் இருக்கேன், போ.”

எனக்கு ஊசி போட்டார்கள். உடனே ஆட்டோ பிடித்துக் கான்சாபுரம் போனேன். புரட்டாசியில் அய்யூபோடு சண்டை போட்டு வேலையை விட்டுப் போன சமுத்திரம் அங்கே மாமனார் வயலில் வரப்பு வெட்டிக்கொண்டிருந்தான்.

“என்னக்கா, பாய் திரும்பக் கூப்பிடுதாவளா? எங்கிட்ட மன்னிப்புக் கேட்டாத்தான் வருவேன்” என்று சிரித்தான்.

சொன்னேன். சிரிப்பு போய்விட்டது.

“நரி கடிச்சது ஒங்களுக்கு முன்னாலயே தெரியுமா?”

“தெரியும்.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையேக்கா.”

மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஆட்டோவில் ஏறினான். வழியெல்லாம், அன்று பல் கீறிய வலது மணிக்கட்டைச் சொறிந்துகொண்டே வந்தான். வயல் அரிப்பா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

மறுநாள் பிற்பகல், அஸர் தொழுகைக்கு முன்னால் அய்யூப் மவுத்தானார்.

சமுத்திரத்துக்கு ஊசியெல்லாம் போட்டாயிற்று. தாமதமாகப் போட்டதால் சில மாதம் போனால்தான் நிச்சயமாகச் சொல்ல முடியும் என்கிறார் டாக்டர். தினமும் விடிந்ததும் அவனுக்குப் போன் செய்கிறேன். மணி அடித்துக்கொண்டே இருக்கும். கடைசியில் எடுப்பான்.

“தண்ணி குடிச்சிட்டேன்க்கா” என்பான். அத்தோடு வைத்துவிடுவான்.